புதுச்சேரியில் ‘சைட் லேஅவுட்’ போட்டுத் தரும் சேவை: எதற்குக் காசு கொடுக்கலாம்?

அடுக்குமாடி வேலை தொடங்குமுன் சிமென்ட் ஷெட், கம்பி வளைக்கும் இடம், ஜல்லி, எம்-சாண்ட், தூக்கு (சுமையை மேல் தளத்துக்கு ஏற்றும் இயந்திரம்), லேபர் ஷெட் எல்லாம் எங்கெங்கே வரவேண்டும் என்று கணினியில் கணக்கிட்டு வரைந்து தரும் சேவை இது. கீழே வண்டி நிறுத்தம், மேலே நான்கு தளம் கொண்ட லாஸ்பேட்டை சைட் ஒன்றுக்குக் கிடைத்த வரைபடங்களை வைத்து எழுதுகிறோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ஒரே படத்தை நீட்டி ‘இதுதான் பெஸ்ட்’ என்று சொல்லாமல் மூன்று படம் தருகிறார்கள். எட்டுப் பொருளை எட்டு இடத்தில் மாற்றி மாற்றி வைத்தால் 40,320 விதம் வரும். ஆள் நடை, ஆபத்து, நடுவில் ஷெட்டைப் பிரித்துக் கட்டும் செலவு மூன்றும் ஒருசேரக் குறைகிற படம் அநேகமாக அதில் இருக்காது. எதை விட்டு எதைப் பிடிக்கிறோம் என்பது மூன்று படத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

நடைக் கணக்கும் ஒழுங்கு. கம்பி இடத்திலிருந்து தூக்குக்கு 25 மீட்டர், நாளுக்கு 40 நடை என்றால் போக வர 2,000 மீட்டர். அதையே 10 மீட்டருக்கு இழுத்தால் 800.

சிக்கலும் இங்கேதான். அந்த 10 மீட்டர் படத்தில் கம்பி வளைப்பவர்கள் சுமை ஏறி இறங்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே வருகிறார்கள். பாதுகாப்புக்கும் மதிப்பெண் போட்டு மற்றதோடு கூட்டியதால், மிச்சமான நடை அந்த ஆபத்தை ஈடுகட்டிவிட்டது! இதைக் கூட்டல் கணக்கில் சேர்க்கவே கூடாது. தூக்குக்குக் கீழே ஆள் வரும் படங்களை முதலில் அடித்துவிட வேண்டும். மிச்சத்தில்தான் நடையைப் பார்க்க வேண்டும். அஸ்திவாரக் குழிக்கும் இப்படி விட்டுக்கொடுக்க முடியாத விதி உண்டு: தோண்டிய மண் விளிம்பிலிருந்து 1.5 மீட்டரோ ஆழத்தில் பாதியோ, எது அதிகமோ அவ்வளவு தள்ளியிருக்க வேண்டும்.

இரண்டாவது படத்தில் கம்பிக்கு 10 மீட்டர் நீளம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். கம்பி 12 மீட்டர். லாரியில் மடித்து வந்தாலும் நிமிர்த்தி வெட்ட, ஆள் நிற்கவும் சேர்த்து, 15 மீட்டராவது வேண்டும். இல்லையென்றால் டிப்பர் ரிவர்ஸ் எடுக்கும் பாதையில் கம்பி நுனி நீட்டிக்கொண்டிருக்கும்.

பெரிய குறை, எந்தப் படத்திலும் தரைமட்டம், அதாவது எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்பது, இல்லை. நீள அகலம் மட்டும் பார்த்து சிமென்ட் ஷெட்டைப் பின்மூலைக்குத் தள்ளியிருக்கிறார்கள். மழைநீர் வடிகிற பக்கம் அது. பலகையைத் தரையிலிருந்து 15 செ.மீ. உயர்த்தி, சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல் வைத்தாலும், முழங்கால் தண்ணீர் நின்றால் அடி மூட்டைகள் கல்லாகிவிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையைப் பார்த்த ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடலூரில் கெடிலம், பெண்ணையாற்றுப் பக்கத்து சைட்டுகளுக்கு மட்டம் இல்லாத படமே வேண்டாம்.

ஷெட் கடைசிவரை ஒரே இடத்தில் இருக்கும் என்ற கணக்கும் நடைமுறைக்கு ஒத்துவராது. முதல் ஸ்லாப் போட்டு, அதைத் தாங்கக் கீழே கொடுத்த முட்டை எடுத்ததும் சிமென்டும் டைல்ஸும் வண்டி நிறுத்தத்துக்குள்ளேயே போய்விடும். 4.5 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஸ்லாப்புக்கு முட்டு 14 நாளாவது நிற்க வேண்டும், 6 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பீமுக்கு 21. அஸ்திவாரம், சட்டகம், பூச்சு என்று மூன்று கட்டத்துக்கும் தனிப் படம் கேட்டு வாங்குங்கள்.

தனி வீட்டுக்கு இது வீண் செலவு. மேஸ்திரியும் சுண்ணாம்புக் கோடும் போதும். தூக்கு நிறுத்தும் சைட் என்றால் வாங்கலாம். முன்பணம் கொடுக்குமுன் கேட், கிணறு, மின்கம்பம், நான்கு மூலை மட்டம் நான்கையும் அளந்து நீங்களே கொடுத்துவிடுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள்.