ஏழு வருடம் கம்பு சுற்றியதில் எனக்குக் கிடைத்தது

சிலம்பம் பழகத் தொடங்கி ஏழு வருடம் முடிந்துவிட்டது. "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு பஸ் வருவதற்குள் அவசர அவசரமாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால், ஒரு தடவை முழுதாக எழுதுகிறேன்.

2018இல் எனக்கு 28 வயது. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. நாள் முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு, மாலையில் டிக்கோயா பக்கம் பஸ் ஏறி, ரோட்டிலிருந்து எங்கள் லயம் வரை, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள் வரை, படி ஏற வேண்டும். இடுப்பு பிடித்துக்கொள்ளும், தோள்பட்டை கல் மாதிரி இறுகிவிடும். அம்மா 30 வருடம் கொழுந்து எடுத்தவர், அவரை விட எனக்கு அதிகமாக வலித்தது.

முதலில் டவுனில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே கையில் கம்பு, மூன்றாம் மாதம் மேடை. வேகமாகச் சுற்றினேன், படத்தில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வலது மணிக்கட்டு வீங்கி ஒரு மாதம் பேனை பிடிக்க முடியவில்லை. அங்கே யாரும் என் காலைப் பார்த்ததே இல்லை.

அப்புறம்தான் எங்கள் தோட்டத்து வாத்தியாரிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர், மாரியம்மன் கோயில் தேருக்கு முன்னால் தப்புச் சத்தத்துக்குக் கம்பு விளையாடியவர். "கம்ப அந்தப் பக்கம் வச்சிட்டு வா புள்ள. காலு வரட்டும், கை தானா வரும்" என்றார். நாலு மாதம், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வெறும் காலடிதான். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முன்பாதத்தில் ஊன்றித் திரும்புவது, திரும்பவும் முதலிலிருந்து. முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறிக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு காலையும் ஒன்றாக நட்டு வைத்தால் வாத்தியார் குச்சியால் கணுக்காலைத் தட்டுவார். கம்பின் வேகம் தரையில் பிறந்து இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறி வருகிறது, மணிக்கட்டு அதற்கு வழி விட்டால் போதும் என்பது கம்பைத் திரும்பக் கையில் எடுத்த அன்றுதான் புரிந்தது. நான் கம்பை இறுக்கிப் பிடித்துக் கையால் மட்டும் சுற்றியிருக்கிறேன், வீங்காமல் என்ன செய்யும்?

பலன் எங்கே தெரிந்தது என்றால், படியில். ஆனி, ஆடி மழையில் எங்கள் படி முழுக்கப் பாசி பிடித்திருக்கும். 2019இல் ஒரு நாள் ஒரு கையில் குடை, மறு கையில் மாவுப் பையோடு ஏறும்போது கால் வழுக்கியது. நான் யோசிக்கும் முன்பே பின்கால் விலகி ஊன்றிக்கொண்டது. மாவு கூடக் கொட்டவில்லை. அதற்கு முந்தின வருடம் அதே படியில் விழுந்து முழங்கை பெயர்ந்தவள் நான், அதனால் அந்த ஒரு நொடியை மறக்கவே மாட்டேன். இடுப்பு வலி மெதுவாகத்தான் போனது, ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தோள் சீக்கிரமே இளகியது. ஹட்டன் பஸ்ஸில் நெரிசலில் கம்பியைப் பிடிக்காமல் நிற்க முடிகிறது, வளைவுக்கு வளைவு பாரத்தை மாற்றிக்கொண்டு.

2023இல் மலையக மக்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து 200 வருடம் ஆனதை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதில் நாலந்தையிலிருந்து மாத்தளை வரை நானும் நடந்தேன். கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள் காட்டு வழியில் நடந்த தூரம். அவர்களோடுதான் இந்தக் கம்பும் வந்திருக்க வேண்டும் என்று நடக்க நடக்கத் தோன்றியது. கண் கலங்கியது, கால் வலிக்கவில்லை.

தற்காப்பு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் யாரையும் அடித்ததில்லை. ஆனால் எதிரில் நிற்கிறவருக்கும் எனக்கும் நடுவில் எத்தனை அடி, அவர் கம்பு எட்டுமா எட்டாதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண், இருட்டில் தேயிலைக்கு நடுவே தனியாக நடந்து வரும்போதும் வேலை செய்கிறது. முன்பெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறு என்று நடப்பேன். இப்போது நிமிர்ந்து, முன்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்து நடக்கிறேன். கடையிலும் அப்படித்தான், யாராவது குரலை உயர்த்தினால் நெஞ்சு படபடக்கும் முன் மூச்சு இறங்கிவிடுகிறது.

கம்பு பற்றிக் கொஞ்சம். நிமிர்ந்து நின்றால் நெற்றி வரை வர வேண்டும். நன்றாக முற்றிய மூங்கிலாகப் பார்த்து வெட்டி நிழலில் காய வைக்க வேண்டும், வளைந்திருந்தால் தணலில் வாட்டி நிமிர்த்தலாம். எங்கள் குளிருக்கும் பனிமூட்டத்துக்கும் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் நான் அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் செருகி வைக்கிறேன், மாதம் ஒரு முறை எண்ணெய் தடவுகிறேன். முதல் கம்பு ஆறு மாதத்தில் பிளந்தது. இப்போது இருப்பதற்கு நாலு வயது.

குறையும் இருக்கிறது. மூன்று மாதத்தில் ஏதாவது தெரிய வேண்டும் என்றால் இது சரிவராது. முழங்கால் ஏற்கனவே கெட்டிருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், தாழ்ந்து நிற்கும் நிலைகள் நிறைய உண்டு. சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்களோ எல்லோரும் வயதானவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய கவலை. அதனால் போன வருடம் முதல் சனிக்கிழமை பின்னேரங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு நான் காலடி சொல்லித் தருகிறேன். ஒன்பது பேர் வருகிறார்கள், அதில் ஆறு பெண்பிள்ளைகள். வாத்தியார் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓரத்தில் உட்கார்ந்து அவர்களுடைய காலையே பார்த்துக்கொண்டிருப்பார். மழை வந்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் ஓடிவிடுவோம். அங்கே கூரை தாழ்வு, கம்பு சுற்ற முடியாது. அன்றைக்கு முழுக்கக் காலடிதான்.