மூன்று பழைய கார்களும் ஒரு டம்ளரும்

போன வாரம் பரமக்குடியிலிருந்து மச்சான் போன் பண்ணினான். ஒரு அம்பாசிடர் விலைக்கு வருகிறதாம். மார்க் 4. கேட்ட விலையிலிருந்து ஓனரே பதினைந்தாயிரம் இறங்கிவிட்டாராம். "நீதான் வச்சு ஓட்டுறியே, வாங்கலாமா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள், "அது சரி, ராத்திரி தூங்குறியா இல்லையா இப்போ?" என்று இன்னொன்றையும் கேட்டான். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தனித்தனியாகச் சொல்ல எனக்கு வராது.

என்னிடம் இருப்பது மூன்று. 1984 பத்மினி, 1989 அம்பாசிடர், 1997 மாருதி 800. மூன்றும் பெட்ரோல், மூன்றும் கார்புரேட்டர். பத்மினி வந்து ஒன்பது வருஷம், அம்பாசிடர் ஆறு, மாருதி என் மாமனாருடையது. சிசி, மைலேஜ் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

எங்கள் வீடு மண்டபத்துக்கு முன்னால், வேதாளை பக்கம். வடக்கே போனால் வடகடல், தெற்கே போனால் தென்கடல். கோடையில் கச்சான் காற்று தென்கடல் உப்பைக் கொண்டுவரும், மார்கழியில் வாடைக்காற்று வடகடல் உப்பைக் கொண்டுவரும். வண்டிக்கு லீவே கிடையாது. அடியில் தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு போகும் என்பார்கள். எங்கள் போர்வெல் தண்ணீரே உப்பு. அதில் கழுவுவதும் கடலில் இறக்கிக் கழுவுவதும் ஒன்றுதான். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்து வைத்து வண்டிக்கு அடிக்கிறேன் என்பது வீட்டில் தெரிந்த நாளில் நடந்ததை இங்கே எழுத முடியாது. இப்போது மாசத்துக்கு இரண்டு குடம் என்று கணக்கு பேசி வைத்திருக்கிறோம்.

துருவைக்கூடத் தாங்கிக்கொள்வேன். கண்ணுக்குத் தெரிகிற எதிரி. சுரண்டலாம், பட்டி வைக்கலாம், ரெட் ஆக்சைடு அடிக்கலாம். என்னை ஆட்டி வைத்தது பத்மினியின் ஹாரன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி ராத்திரி, மணி 2.20. எனக்கு அப்போதுதான் கண் அசந்திருந்தது. வாசலில் ஹாரன். விட்டு விட்டு இல்லை, ஒரே இழுப்பு. யாரோ வந்து நிற்கிறார்கள் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடினால், தெருவில் ஒருத்தரும் இல்லை. கொட்டகையில் பத்மினி தனியாக நின்று கத்திக்கொண்டிருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது, சாவி என் கையில். பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைக் கழற்றலாம் என்றால் பச்சை பூத்துப்போய் நட்டு அசையவில்லை. 10-ஆம் நம்பர் ஸ்பேனர் எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. கடைசியில் ஹாரனுக்குப் போகும் ஒயரைக் கையால் பிடித்து இழுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா தலையில் முக்காட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார். "தம்பி, யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அவ்வளவு நேரம் ஹாரன் அடித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் என்று நினைத்திருக்கிறார். அவர் கேட்டதில் எனக்குப் போன தூக்கம் விடிகிற வரை திரும்பவில்லை.

அந்த சீசனில் மட்டும் நாலு தடவை. பகலில் ஒருதரம்கூடக் கத்தாது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். முதலில் பார்த்தவர் ரிலே மாற்றினார். அடுத்தவர் ஹாரனையே மாற்றினார், புது ஹாரன் பழையதைவிட நன்றாகக் கேட்டது. மூன்றாவதாக ராமநாதபுரத்தில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன். வண்டியைத் தொடவே இல்லை. "எப்பக் கத்துது?" என்று மட்டும் கேட்டார். ராத்திரி, பனி பெய்கிற நேரம் என்றேன். "அப்ப ஈரம்" என்றார். ஸ்டீயரிங் தண்டைப் பிரித்து உள்ளே இருந்த ஒரு ஒயரை வெளியே எடுத்துக் காட்டினார். மேலே உள்ள ரப்பர் வெயிலில் காய்ந்து, ஓலைச் சருகு மாதிரி நொறுங்கிக் கம்பி தெரிந்தது.

எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மியூசிக்கல் ஹாரன் மாட்டுவதற்காக நேரே பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருக்கிறார். சாவி போட்டாலும் போடாவிட்டாலும் ஹாரனுக்குக் கரண்ட் நிற்கும். நாம் நடுவில் அழுத்தும்போது எர்த் மட்டும் சேர்கிறது, சத்தம் வருகிறது. வெறும் தண்ணீராக இருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊர்ப் பனியில் உப்பு கலந்திருக்கிறது, உப்பு ஈரம் கரண்ட்டைக் கடத்தும். பட்டனை அழுத்துகிற வேலையை ராத்திரியில் பனி செய்திருக்கிறது. ஒயர் மாற்றி, சாவி வழியாகக் கரண்ட் வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். கூலி 400 ரூபாய். முதல் இரண்டு பேருக்குக் கொடுத்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பாவம், அவர்களும் பகலில்தானே பார்த்தார்கள்.

அவர்தான் பேட்டரி கட்-ஆஃப் ஒன்று போடச் சொன்னார். நெகட்டிவ் டெர்மினலில் மாட்டுகிற பித்தளைச் சாமான், மேலே பச்சைப் பிளாஸ்டிக் குமிழ். அதைத் தளர்த்தினால் வண்டியில் மொத்தக் கரண்ட்டும் நின்றுவிடும். முழுக்கக் கழற்றி எடுத்தால் குமிழ் கையோடு வந்துவிடும், திருடன் வந்தாலும் ஸ்டார்ட் ஆகாது. ஒன்று 300 ரூபாய்க்குள். மூன்று வண்டிக்கும் வாங்கினேன். இந்த ஒன்பது வருஷத்தில் வண்டிகளுக்கு நான் செலவழித்ததில் உருப்படியானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், புதுப்பேட்டையில் தேடி அலைந்து வாங்கிய குரோம் பம்பரைச் சொல்ல மாட்டேன்.

ஹாரன் அதோடு சரி. ஆனால் நான் 2.20-க்கு எழுந்திருப்பது நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் கண் விழிக்கும். படுத்தபடியே காதைக் கொடுத்துக் கேட்பேன். குமிழைக் கழற்றினோமா, தளர்த்தி மட்டும் விட்டோமா என்று சந்தேகம். எழுந்து போய்ப் பார்ப்பேன். கழற்றித்தான் இருக்கும். திரும்பி வந்து படுத்தால் அவ்வளவுதான்.

எல்லாப் பழியையும் பத்மினி மேல் போடுவது நியாயம் இல்லை. வெளிநாட்டில் பதினாறு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தவன் நான். தூக்கம் அங்கேயே போய்விட்டது, ஹாரன் மேலே ஒரு ஆணி அடித்தது. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாள், விசைப்படகுச் சத்தம் இல்லாமல் கடற்கரையே அடங்கிக் கிடக்கும். அப்போதும் நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

மதுரையில் ஒரு டாக்டரிடம் போனேன். மாத்திரை எழுதுவார் என்று நினைத்தேன், நோட்டு வாங்கச் சொன்னார். எப்போது படுத்தேன், எப்போது எழுந்தேன் என்று இரண்டு வாரம் எழுத வேண்டும். மத்தியானத்துக்கு மேல் டீ கூடாது, அதிலிருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும் என்றார். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுந்திருக்கிற நேரம் மாறக் கூடாது. இருபது நிமிஷம் போலத் தூக்கம் வராமல் கிடந்தால் எழுந்து, வெளிச்சம் குறைவாக வைத்து, சுவாரஸ்யமில்லாத வேலை ஏதாவது செய்துவிட்டு, கண் சொருகும்போது மறுபடி படுக்க வேண்டும்.

என்னிடம் ஏற்கனவே வண்டி நோட்டு ஒன்று உண்டு. தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், செய்த வேலை. அதிலேயே கடைசியில் ஒரு கட்டம் போட்டு, தூங்கிய மணியையும் எழுத ஆரம்பித்தேன். இரண்டு வாரம் என்று சொன்னது இப்போது இரண்டு வருஷமாக ஓடுகிறது. அதைப் புரட்டினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆயில் மூடியைப் போடாமல் பானெட்டை மூடிய நாள்: மூன்றரை மணி நேரம். அம்பாசிடர் வீல் நட்டைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு மறந்த நாள்: மூன்று. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் ஒயர் மாற்றிப் போட்டு அரை நாள் தேடிய நாள்: இரண்டே முக்கால். வண்டி பழசு, அதனால் கோளாறு என்று இத்தனை நாள் நினைத்ததில் பாதி என் கை வேலை.

இப்போது முடித்த ரிப்பேரும் அப்படித்தான். சுவாரஸ்யமில்லாத வேலை என்று டாக்டர் சொன்னாரே, மாருதியில் ஸ்பார்க் பிளக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று ராத்திரி மூன்று மணிக்கு டார்ச்சோடு போனேன். எமரித்தாள் போட்டுத் தேய்த்தது வரை நல்லபடியாகத்தான் போனது. பிளக்கைத் திரும்பப் போடும்போது முதல் நாலு சுற்று விரலால் சுற்ற வேண்டும். இது சின்னப் பையனுக்கும் தெரியும். நான் நேரே ராட்செட்டைப் போட்டேன். கொஞ்சம் இறுக்கமாகப் போனது, போகட்டும் என்று அழுத்தினேன். என்ஜின் ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. மரை கோணலாக ஏறி மொத்தமாக அழிந்துவிட்டது. ஹெட்டைக் கழற்றாமலே மரை வெட்டி, ஹெலிகாயில் என்கிற கம்பிச் சுருள் மரையைப் போட்டுக் கொடுத்தார்கள், நல்ல வேளை. 27 வருஷத்துக்கு மேல் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஓடிய வண்டி அது. மாமனார் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. தூக்கம் வராத நாளில் விடியற்காலை வண்டியை எடுத்துக்கொண்டு அரிச்சல்முனை வரை போவது என் வழக்கம். தனுஷ்கோடிக்கு அப்பால் 2017-இல் ரோடு திறந்ததிலிருந்து அந்த ஆசை பிடித்துக்கொண்டது. போன வருஷம் ஒரு நாள் அம்பாசிடரில் திரும்பி வருகிறேன். பாம்பன் பாலத்தில் ஏறி இறங்கியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் இடது பக்கச் சக்கரம் மணலில் சரசரவென்று ஏறிய சத்தம்தான். நடுவில் ஒன்றும் இல்லை. கண் மூடியது எனக்குத் தெரியவே இல்லை. ஏர்பேக் கிடையாது, நாலு சக்கரமும் டிரம் பிரேக். எதிரே பஸ் ஒன்று வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

டாக்டரிடம் சொன்னபோது அவர் ஒரு கணக்கு சொன்னார். நம் சட்டத்தில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குடித்துவிட்டு ஓட்டிய குற்றம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவன் ஏறத்தாழ 50 மில்லிகிராம் ஏறியவன் அளவுக்கு மந்தமாகிவிடுகிறான். ஒரு சொட்டு தொடாத நான் எத்தனை நாள் அந்தப் பாலத்தில் அப்படிப் போயிருக்கிறேன் என்று கணக்குப் பார்க்க நோட்டு தேவைப்படவில்லை.

வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னேன். மனைவி சண்டை போடவில்லை. அன்று ராத்திரி எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கட்டில் பக்கம் வைத்து, "மூணு குமிழையும் இதுல போடுங்க" என்றாள். அதுதான் இப்போது சட்டம். ராத்திரி ஒன்பதரைக்கு நான் போய் மூன்று வண்டியிலும் குமிழைக் கழற்றி வந்து டம்ளரில் போடுவேன். டங், டங், டங். காலையில் எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று அவள் கேட்பாள். ஐந்துக்குக் குறைவென்றால் டம்ளர் அடுப்படிக்குப் போய்விடும். பொய் சொல்லலாம்தான். நோட்டு அவள் கையில் இருக்கிறதே.

இதில் எனக்கு எதிர்பாராத லாபம் ஒன்று. 2.20-க்கு விழித்தால் கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை. கையை நீட்டி டம்ளரைத் தொட்டு, உள்ளே மூன்று இருக்கிறதா என்று விரலால் எண்ணிப் பார்ப்பேன். இருந்தால் சில நாள் திரும்பத் தூக்கம் வருகிறது. சில நாள் வருவதில்லை.

நன்றாகத் தூங்கிய காலையில் பத்மினி எப்படி இருக்கும் தெரியுமா? குமிழைத் திருகி, சோக்கைப் பாதி இழுத்து, சாவியைத் திருப்பினால் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங் பக்கத்துக் கியரை மேலே தூக்கிப் போடும்போது வருகிற அந்த மெல்லிய 'கடக்'. ஜன்னல் மூலைக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் கடல் காற்று நேரே நெஞ்சில் வந்து மோதும். அந்த அரை மணி நேரத்துக்கு எந்த ஏசி வண்டியும் ஈடு இல்லை.

சரி, மச்சான் கேட்ட அம்பாசிடர். பகலில் பார்க்காதே, விடியற்காலை பனியோடு போய்ப் பார். கால்மிதியைத் தூக்கி அடித்தகட்டைத் தட்டிப் பார், ஜாக்கி போடும் இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டி, சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின் தேய்ந்திருக்கிறதா பார். பெட்ரோல் ஹோஸ் எல்லாம் பழசாக இருந்தால் மாற்றிவிடு, இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை ஊற வைத்துவிடும், நிறுத்தி வைத்த டேங்கில் ஈரத்தையும் இழுக்கும். ஆர்.சி. எப்போது முடிகிறது என்று கேள். 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கிற கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. அவர் பதினைந்தாயிரம் இறங்கியதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் வாங்காதே. நேற்று நான் தூங்கியது மூன்று மணி நேரம், பத்மினியைக்கூட யார் வந்து கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடலாம் போல இருக்கிறது. நீயே கேட்டாலும் தருவேன். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் அடுப்படியில் கேள், டம்ளர் அங்கே இருக்கிறது.