பளபளப்பைப் பார்த்துக் கார்பரேட்டர் வேலைக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரைப் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிச் சுத்தம் செய்யப் பட்டறையில் கொடுக்க இருப்பவர்கள், வண்டியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. இந்த வேலையில் ஏமாற்றுவது மிக எளிது. ஏனென்றால் சுத்தமாக வேண்டிய இடம் எதுவும் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. மேல் உடலை மின்ன வைத்துவிட்டால், உள்ளே இருக்கும் மயிரிழைத் துளைகள் திறந்தனவா என்று கேட்பவர்கள் குறைவு. என்னிடம் பணம் வாங்கிய பட்டறையும் அந்தத் தைரியத்தில்தான் வாங்கியது.

வண்டி 1971-ஆம் ஆண்டின் ஹோண்டா சிபி350. 325 சிசி, இரட்டைச் சிலிண்டர். சிலிண்டருக்கு ஒன்று வீதம் கெய்ஹின் நிறுவனத்தின் சிவி வகைக் (வெற்றிடத்தால் இயங்கும்) கார்பரேட்டர்கள் இரண்டு. நெடுங்காலம் ஓடாமல் நின்றதில் பெட்ரோல் வற்றி, கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணங்களின் அடியில் பழுப்பு நிறப் பிசினாகப் படிந்திருந்தது. சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் அணைந்துவிடும். ஆக்ஸிலரேட்டரைத் திருகாதபோது பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைத் திருகான பைலட் ஜெட் அடைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி தேவையில்லை. முறையாகக் கழற்றி, ஜெட்டுகளை ஊறவைத்து, ஒவ்வொரு வழியிலும் காற்றடித்துத் திரும்பப் பூட்டினால் தீர்ந்துவிடும் பிரச்சினை அது. பழைய வண்டிகளுக்கென்றே பெயர் எடுத்த ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன். அல்ட்ராசோனிக் சுத்தம் (திரவத்தில் முக்கி ஒலியதிர்வால் அழுக்கை எடுப்பது), இரண்டு கார்பரேட்டர்களுக்கும் புது ரிப்பேர் கிட், ஃப்ளோட் உயரம் சரிசெய்தல், இரண்டும் ஒரே அளவில் திறக்கும்படி ஒத்திசைத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தொகை போட்டுப் பில் கொடுத்தார்கள்.

வண்டி திரும்பி வந்தபோது கார்பரேட்டர்கள் வெள்ளியாக மின்னின. ஓட்டம்தான் சரியில்லை. இந்த வண்டிக்கு ஐட்லிங், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது உள்ள ஓட்டம், சுமார் 1,200 ஆர்பிஎம் இருக்க வேண்டும். ஐட்லிங் திருகை ஏற்றி வைத்து 2,000-க்கும் மேலே நிறுத்தியிருந்தார்கள். அதைக் குறைத்தால் வலப்பக்கச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. பைலட் வழி அடைத்திருப்பதை மறைக்கப் பட்டறைகள் கையாளும் பழைய தந்திரம் இது. காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு எப்போதும் கொஞ்சம் திறந்தே இருப்பதால் என்ஜின் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும், கடையின் வாசலைத் தாண்டும் வரை யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் இடப்பக்கத்தில் கரி அப்பியிருந்தது, வலப்பக்கத்தில் வெளுத்திருந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, “ஐம்பது வருஷத்து வண்டி இப்படித்தான் சார் இருக்கும். கொஞ்சம் ஓட்டினால் செட் ஆகிவிடும்” என்றார் மெக்கானிக்.

செட் ஆவதற்கு அதில் ஒன்றும் மிச்சம் இல்லை என்பது கார்பரேட்டர்களை நானே கழற்றியபோதுதான் தெரிந்தது. இடப்பக்க ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடியில் மிச்சமிருந்த பெட்ரோலுக்குள் கண்ணாடித் துகள்கள் மினுமினுத்தன. அல்ட்ராசோனிக் என்று பில் போட்டுவிட்டு, உடலைக் கண்ணாடி மணிகள் பீய்ச்சும் எந்திரத்தில் காட்டிப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். ஜெட்டுகளையும் நுண்ணிய வழிகளையும் முழுதாக அடைக்காமல் இப்படிப் பீய்ச்சினால் துகள்கள் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். அவற்றில் சில பிறகு காற்றோடு சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டுப் பிஸ்டனையும் சுவரையும் கீறும். வலப்பக்கப் பைலட் வழியை அடைத்திருந்ததும் அதே துகள்தான். அதாவது பழைய பிசினை எடுக்கக் கொடுத்த இடத்தில் புதிதாக ஓர் அடைப்பை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இடப்பக்கத்தின் கதை வேறு. அங்கே பைலட் ஜெட்டைக் கம்பியால் குத்தியிருக்கிறார்கள். உருப்பெருக்கியில் பார்த்தபோது வட்டமாக இருக்க வேண்டிய துளையின் விளிம்பு ஒரு பக்கமாகக் கிழிந்து, பித்தளையில் புதுக் கீறல்கள் தெரிந்தன. ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது என்று சொல்வது வெறும் ஆசாரம் அல்ல. கெய்ஹின் ஜெட்டின் எண் ஏறத்தாழத் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவில் சொல்வது. 35 என்றால் சுமார் 0.35 மி.மீ. அது தேய்ந்து 0.40 ஆகிவிட்டால் துளையின் பரப்பு 30 சதவீதம் கூடிவிடும், பெட்ரோல் தேவைக்கு மேல் போகும். பிளக்கில் கரி அப்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்தியது டயாஃப்ரம். சிவி கார்பரேட்டருக்குள் மேலும் கீழும் நகரும் பிஸ்டனை (என்ஜின் பிஸ்டன் வேறு) மேலே தூக்குவது வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பிடித்து வைப்பது மெல்லிய ரப்பர்த் தகடு. கடுமையான கரைப்பானில் அதை ஊறப்போட்டால் உப்பி, பிறகு காய்ந்து விறைத்து, மடிப்பில் கிழிந்துவிடும். கழற்றும்போது முதலில் வெளியே எடுத்துத் தனியாக வைக்க வேண்டிய உறுப்பு அது. என் வண்டியில் அதையும் சேர்த்தே முக்கியிருக்கிறார்கள். வண்டியை விடுவதற்கு முன் மூடியைத் திறந்து எடுத்த படத்தில் முழுதாக இருந்த தகட்டில், இப்போது மடிப்பை ஒட்டி நகக்கண் நீளத்துக்குக் கிழிசல். பிஸ்டன் முழுதாக ஏறாமல் அந்தப் பக்கம் இழுவை இல்லாமல் போனதும் இதனால்தான். இந்த வயது வண்டிக்கு நல்ல டயாஃப்ரம் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு பாடு என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

புது கிட் போட்டதாகச் சொன்னதும் பாதிதான் உண்மை. கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வை மாற்றவே இல்லை. அதன் கூம்பு முனையில் தேய்ந்த வளையம் அப்படியே இருந்தது. அது பெட்ரோலை நிறுத்தாததால் கிண்ணம் நிரம்பி வழிந்து, ஒரு பகுதி சிலிண்டர் வழியாக என்ஜின் ஆயிலில் கலந்துவிட்டது. அளவுக் குச்சியில் ஆயில் மட்டம் ஏறியிருந்தது, முகர்ந்தால் பெட்ரோல் வாடை. அந்த ஆயிலோடு ஓட்டியிருந்தால் கேம் ஷாஃப்ட் தேய்ந்திருக்கும். வேகமாக ஓடும்போது பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டுகளை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதுவும் கெய்ஹின் முத்திரையுள்ள அசல் பித்தளையை எடுத்துவிட்டு, எந்த அடையாளமும் இல்லாத மலிவு ஜெட்டுகளைப் போட்டு. பழையவற்றைக் கேட்டால் குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். நான் நம்பவில்லை. ஒத்திசைத்தோம் என்றார்களே, அதற்காகத் தளர்த்தியே ஆக வேண்டிய பூட்டு நட்டுகளின் மேல் பழைய எண்ணெய் அழுக்கு ஸ்பானர் படாமல் அப்படியே இருந்தது.

படங்களோடு நேரில் போய்க் காட்டியபோது, நான் கழற்றிவிட்டதால் இனித் தங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். கழற்றாமல் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. பணமும் திரும்பவில்லை.

ஆகவே கொடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கழற்றிய பழைய உறுப்புகள் அனைத்தும் உறையில் போட்டுத் திருப்பித் தரப்பட வேண்டும், உடலின் மேல் எதையும் பீய்ச்சக் கூடாது, டயாஃப்ரமும் ஓ-ரிங்குகளும் கரைப்பானில் படக் கூடாது. ஜெட்டுகளின் எண்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூடித் திருகுகளையும் படம் எடுங்கள். ஜப்பானிய வண்டிகளின் கூட்டல் குறித் திருகுகள் சாதாரண ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாமல் தலை சிதைந்துவிடும், அதற்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) அளவு முனை வேண்டும். அப்படி ஒரு கருவி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முகத்தைச் சுளிக்கும் பட்டறையாக இருந்தால் வண்டியை அங்கே விட வேண்டாம்.

திரும்ப எடுக்கும்போது வண்டி சூடாவதற்கு முன்பே போய் நில்லுங்கள். குளிர்ந்த என்ஜினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சூடானதும் சோக்கை முழுதாக எடுக்கச் சொல்லி, ஐட்லிங்கை உரிய அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். பிறகு என்ஜினை அணைத்து, பெட்ரோல் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, பில்லை வரி வரியாகப் படியுங்கள். படித்து முடிப்பதற்குள் கார்பரேட்டருக்குக் கீழே சொட்டு விழுந்தால், நீடில் வால்வு என்று எழுதியிருக்கும் வரிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.