ரூ.13,250 கட்டிய பிறகு வீட்டுக்குள் சிக்னல் இல்லை: நெட்வொர்க் மாற நினைப்பவர்கள் கவனத்துக்கு

“பணம் கம்பெனிக்குப் போயிருச்சுங்க, அதை எங்களால திருப்ப முடியாதுங்க” என்று நேற்று அந்தக் கடையில் கையை விரித்துவிட்டார்கள். போன பணம் ரூ.13,250. மூன்று எண்களுக்கு ஓராண்டு ரீசார்ஜும், “வீடு முழுக்க நெட் வரும்” என்று சொல்லி விற்ற ஒரு சிறிய வைஃபை பெட்டியும் சேர்ந்த தொகை அது. அந்த மூன்று எண்களில் ஒன்றுகூட இன்று எங்கள் வீட்டுக்குள் ஒழுங்காக அடிப்பதில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் ‘தொலையட்டும்’ என்று விட்டுவிடுவோம். நாம் விட்டுவிடுவோம் என்ற நம்பிக்கையில்தான் இவர்கள் கடை நடத்துகிறார்கள்.

நிறுவனத்தின் பெயரையும் கடையின் பெயரையும் எழுதவில்லை, ஏனென்றால் நிறுவனத்திடம் நான் போட்ட மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது. நாடு முழுவதும் விளம்பரம் செய்யும் ஒரு பெரிய மொபைல் நிறுவனம், மலையடிவாரத்தில் அதன் பலகையை மாட்டிய ஒரு கடை என்ற அளவில் தெரிந்துகொண்டால் போதும்.

எங்கள் வீடு கொல்லிமலையில், வாழவந்திநாட்டுப் பக்கம், மிளகும் காப்பியும் போட்ட ஒரு சரிவின் அடியில் இருக்கிறது. பழைய நெட்வொர்க்கில் இணையம் மந்தம்தான். படம் ஒன்று இறங்கச் சமையலே முடிந்துவிடும். ஆனால் போன் அடிக்கும், பேச்சு கேட்கும், வங்கியின் ஓடிபி வரும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றிய பிறகு மூன்று எண்களுக்கான செலவு கண்ணை உறுத்தத் தொடங்கியது. 28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ் என்பதை அந்தக் கட்டண உயர்வுக்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் கணக்குப் போட்டுப் பேசினோம். ஆகவே ஓராண்டுத் திட்டத்துக்குப் போவது என்று முடிவாயிற்று. அந்த நேரத்தில்தான் இந்தக் கடையின் சலுகைத் துண்டறிக்கை கைக்கு வந்தது: நாளுக்கு 2 ஜிபி, 5ஜி வரம்பின்றி, ஓடிடி சந்தா இலவசம், படங்களைச் சேமிக்க மேகக் கிடங்கு.

கடையில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். என் முதல் கேள்வியே, “எங்க வீடு பள்ளத்துல இருக்குது தம்பி, வீட்டுக்குள்ள சிக்னல் வருமா?” என்பதுதான். அவர் உடனே தன் டேப்லெட்டில் கவரேஜ் வரைபடத்தைத் திறந்து, செம்மேட்டிலிருந்து விரலால் நகர்த்திக்கொண்டே வந்து எங்கள் ஊரில் நிறுத்தினார். மலை முழுவதும் பச்சையாக இருந்தது. “உங்க தோட்டம் இங்கதானுங்கண்ணா? பாருங்க, ஃபுல் பச்சை. எங்க சித்தப்பா செம்மேட்டுலதான் இருக்காருங்க, நாங்க வீடியோ காலே பேசுறோம்” என்றார். செம்மேடு தாலுகா தலைமையிடம், அங்கே டவர் இருக்கிறது, வரத்தான் செய்யும். எங்களுக்கும் செம்மேட்டுக்கும் நடுவில் ஒரு மலைமுகடே நிற்கிறது என்று சொன்னேன். “அதெல்லாம் பிரச்சினையே இல்லீங்கண்ணா, நான் சொல்றேன்ல” என்றார்.

எங்களை நம்ப வைத்தது வரைபடம் மட்டும் அல்ல. ஆதார் சரிபார்ப்புக்கு அம்மாவின் கைரேகை பதியவில்லை. ஆண்டாண்டாக மிளகு உருவிய விரல்கள், ரேகை தேய்ந்து போயிருந்தது. அந்தத் தம்பி சலிக்காமல் தன் கைக்குட்டையால் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, கருவியின் கண்ணாடியையும் துடைத்து, “மெதுவா அழுத்துங்கம்மா, அவசரம் இல்லீங்க” என்று பொறுமையாக வைத்து எடுத்தார். பச்சை விளக்கு எரிந்ததும் அம்மாவுக்கு டீ வரவழைத்தார். வெளியே வந்ததும் அம்மா, “நல்ல பிள்ளை” என்றார். அந்த நல்ல பிள்ளையிடம்தான் ரூ.13,250 கொடுத்துவிட்டு வந்தோம்.

எண்கள் மாறிய அன்றே வீட்டுக்குள் மூன்று போனிலும் ‘சேவை இல்லை’ என்று வந்தது. வாசலுக்கு வந்தால் ஒரு கோடு எட்டிப் பார்க்கும். ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில், போனைப் பற்றிய பகுதியில், சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் வலிமை எண்ணாகவே தெரியும். மைனஸ் 85 டிபிஎம் என்றால் நன்றாக இருக்கிறது, மைனஸ் 115-ஐத் தாண்டிப் போனால் பேச்சு அறுந்து அறுந்துதான் வரும். எங்கள் வாசலில் மைனஸ் 116. அடுப்படியில் எண்ணே காட்டவில்லை. வைஃபை பெட்டியும் அதே டவரிலிருந்துதான் சிக்னலை எடுக்க வேண்டும் என்பதால், அது மூலையில் சிவப்பு விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. 5ஜிக்கு நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதி அலைகள் நிறைய டேட்டாவைச் சுமக்கும், ஆனால் அதிக தூரம் போகாது, சுவரையும் மலையையும் கடக்கத் திணறும். 700, 900 போன்ற தாழ்ந்த அலைவரிசைகள்தான் தூரமும் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். ஒரு நிறுவனம் ஒரு குறிப்பிட்ட டவரில் எந்த அலைவரிசையைப் போட்டிருக்கிறது, அந்த டவருக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையில் என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம். துண்டறிக்கையில் இருந்த ‘வரம்பற்ற 5ஜி’ 5ஜி சிக்னல் கிடைக்கும் இடத்தில் மட்டும் செல்லும். 4ஜிக்கு இறங்கினால் நாளுக்கு 2 ஜிபி கணக்கு ஓடத் தொடங்கும். ஓடிடி சந்தாவை இயக்கவே அதே எண்ணுக்கு ஓடிபி வர வேண்டும். தண்ணீர் வராத குழாய்க்குப் பித்தளைப் பூண் போட்டு விற்றிருக்கிறார்கள்.

வந்த கஷ்டத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எரிவாயு சிலிண்டர் வந்தது. இப்போதெல்லாம் பதிவு செய்த எண்ணுக்கு வரும் குறியீட்டைச் சொன்னால்தான் டெலிவரிக் கணக்கு முடியும். எண் அம்மாவுடையது. சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு அந்த ஆள் வாசலில் நிற்க, அம்மாவின் போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் மனைவி தோட்டத்துச் சரிவில் ஏறிப் போய், சில்வர் ஓக் மரத்தடியில் நின்று குறியீட்டைப் படித்து, அங்கிருந்தே கத்திச் சொன்னார். அழைப்புகளையாவது வேறு எண்ணுக்குத் திருப்பிவிடலாம். குறுஞ்செய்தியை அப்படித் திருப்ப முடியாது. வங்கி, ஆதார், காஸ் எல்லாம் குறுஞ்செய்தியில்தான் தொங்குகின்றன.

இனி அவர்கள் தட்டிக்கழித்த விதம். கடைக்குப் போன் செய்தால் முதலில், “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணா” என்றார்கள். அடுத்து, “செட்டிங்ஸ்ல 4ஜி மட்டும் வைங்க.” அதற்கும் அடுத்து அந்தத் தம்பி போனையே எடுக்கவில்லை. நிறுவனத்தின் புகார் எண்ணான 198-க்கு அழைத்தால், “உங்கள் பகுதியில் டவர் மேம்பாட்டுப் பணி நடக்கிறது, 48 மணி நேரத்தில் சரியாகும்” என்று மனப்பாடமாகச் சொன்னார்கள். எந்த டவர், எந்த ஊர் என்று கேட்டால் பதில் இல்லை. வேறொரு பெண், “வீட்டில் பிராட்பேண்ட் போட்டு வைஃபை காலிங் பயன்படுத்துங்கள் சார்” என்றார். அதாவது ரூ.13,250 கொடுத்து வாங்கிய சேவை வேலை செய்வதற்கு நான் இன்னொரு சேவையை வாங்க வேண்டுமாம்.

எல்லாவற்றையும் மிஞ்சியது புகாரை அவர்கள் முடித்துவைத்த விதம். வேலையாகச் சோளக்காட்டுச் சந்தைக்குப் போனபோது சிக்னல் கிடைத்து, தேங்கிக் கிடந்த குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றில் ஒன்று நிறுவனத்திலிருந்து வந்தது: உங்கள் புகார் தொடர்பாக உங்களைத் தொடர்புகொள்ள முயன்றோம், உங்கள் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்ததால் புகார் முடித்துவைக்கப்படுகிறது. சிக்னல் இல்லை என்பதுதான் என் புகாரே! அதையே காரணம் காட்டிப் புகாரை மூடியிருக்கிறார்கள். சந்தையில் பலாப்பழ மூட்டைகளுக்கு நடுவே நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு அடுத்த செய்தி, எங்கள் சேவைக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டது.

சரி, வேறு நெட்வொர்க்குக்கு மாறிவிடலாம் என்றால் அங்கேயும் பூட்டு. ஒரு நெட்வொர்க்குக்கு வந்த நாளிலிருந்து 90 நாள் ஆகாமல், அதே எண்ணோடு வேறு நெட்வொர்க்குக்குப் போகத் தேவையான போர்ட் குறியீடு கிடைக்காது. அதற்குப் பிறகு போனாலும், ப்ரீபெய்டில் மீதி இருக்கும் வேலிடிட்டிக்குப் பணம் திரும்பாது. ஓராண்டுக் காசு அப்படியே அவர்களுக்கு. இதற்கு மேல் ஒரு யோசனையும் சொன்னார்கள்: “சிம்ல கோளாறா இருக்கலாம், புது சிம் மாத்திக்குங்க.” 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றினால் அடுத்த 7 நாள்களுக்குப் போர்ட் குறியீடு தரக்கூடாது என்று விதி இருக்கிறது. மோசடிக்காரர்கள் சிம்மை மாற்றி எண்ணைக் கடத்துவதைத் தடுக்க வந்த நல்ல விதி அது. ஆனால் 90 நாள் முடிகிற நேரத்தில் ஒருவர் இந்த யோசனையைக் கேட்டு நடந்தால் இன்னும் ஒரு வாரம் மாட்டிக்கொள்வார். வேண்டுமென்றே சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. இப்போது அவர்கள் எதைச் சொன்னாலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

வரைபடத்தைப் பற்றியும் கேட்டேன். “அது தோராயமானதுங்க சார்” என்றார்கள். விற்கும்போது ‘ஃபுல் பச்சை’, பணம் கட்டிய பிறகு தோராயம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024-ஆம் ஆண்டுச் சேவைத் தர விதிகளின்படி நிறுவனங்கள் கவரேஜ் வரைபடத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பச்சை பெரும்பாலும் கணினி போடும் கணக்கு, அதுவும் திறந்தவெளிக்கானது. பள்ளத்தில் கருங்கல் சுவருக்குள் அடுப்படியில் நிற்கும் அம்மாவின் போனை யாரும் அளந்து பார்த்து அந்த நிறத்தைத் தீட்டவில்லை. இதை விற்பவர்கள் அறியாதவர்களும் அல்லர்.

இப்போது நான் செய்திருப்பது: மூடிய புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். இதற்குக் கட்டணம் இல்லை, 30 நாளுக்குள் போட வேண்டும், அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை, ஆகவே அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்திருக்கிறேன். “டெலிகாம் கேஸ் எல்லாம் நுகர்வோர் கோர்ட்டுல எடுக்க மாட்டாங்கண்ணா” என்று கடையில் ஒருவர் எனக்குச் சட்டம் சொன்னார். எடுப்பார்கள். தொலைத்தொடர்பு வாடிக்கையாளர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இலேயே சொல்லிவிட்டது, ரூ.5 லட்சம் வரை தாக்கல் கட்டணமும் கிடையாது. ரூ.13,250-க்காக நாமக்கல் வரை அலைவாயா என்று கேட்கிறார்கள். அலைவேன்.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டு எண்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஓடிபி வரும் எண்ணைக் கடைசிவரை தொடாதீர்கள். மாறப் போகும் நெட்வொர்க்கின் சிம் வைத்திருக்கும் உறவினரையோ பக்கத்து வீட்டாரையோ உங்கள் அடுப்படிக்கே கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள், வாசலில் நிற்க வைத்து அல்ல. ஆள் கிடைக்காவிட்டால் அதே நெட்வொர்க்கில் புதிய எண் ஒன்றைக் குறைந்த ரீசார்ஜில் வாங்கி, மழை பெய்து கரண்ட் போகும் ஒரு நாளையும் சேர்த்துப் பாருங்கள். பேட்டரி தீர்ந்தால் டவரும் படுத்துவிடும். கடைக்காரர் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். புகார் கொடுக்கும்போது சிக்னல் கிடைக்கும் வேறொரு எண்ணைத் தொடர்புக்குக் கொடுங்கள், இல்லையென்றால் எனக்குச் செய்ததைத்தான் உங்களுக்கும் செய்வார்கள். ஓராண்டுத் திட்டத்தை முதல் 90 நாளுக்குள் யார் சொன்னாலும் போடாதீர்கள்.