முதலில் கற்க எந்த நிரல்மொழி: சி, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான்

கணக்குப் பிரிவு வேலைக்கு உதவும் என்று எண்ணி, ஆசிரியர் எவரும் இல்லாமல் மாலை நேரங்களில் நிரல் எழுதக் கற்கத் தொடங்கினேன். சி, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் ஆகிய மூன்றிலும் சிறிது எழுதிப் பார்த்தபின் பைத்தானிலேயே நிலைத்துவிட்டேன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

மூன்றும் இலவசம், மூன்றும் சாதாரண மடிக்கணினியில் ஓடும். எதை முதலில் கற்பிப்பது என்பதில் பாடத்திட்டங்களிடையேயும் ஒற்றுமை இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 11ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++, 12ஆம் வகுப்பில் பைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலோ கணினி அறிவியல் மாணவருக்கு முதல் பருவத்தில் பைத்தானும் அதற்கடுத்த பருவத்தில் சி-யும் வந்தன. ஆகவே இதை வைத்து முடிவெடுக்க முடியாது.

தனியாகக் கற்பவருக்கு முடிவைத் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: நாம் தவறு செய்யும்போது மொழி என்ன செய்கிறது? அருகில் அமர்ந்து திருத்த ஆளில்லாத இடத்தில், பிழைச் செய்தியே ஆசிரியர்.

ஒன்று முதல் பதின்மூன்று வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 6,22,70,20,800 வரவேண்டும். சி-யில் முழு எண்ணைச் சேமித்து வைக்கும் வழக்கமான இடமான ‘இன்ட்’ மாறியில் இதைக் கணக்கிட்டபோது என் திரையில் வந்தது 1,93,20,53,504. அந்த மாறி 214 கோடியே சொச்சம் வரைதான் தாங்கும். அதைத் தாண்டியதும் எச்சரிக்கை ஏதுமின்றி, பார்ப்பதற்குச் சரியான விடை போலவே ஒரு தவறான எண் வந்து நிற்கிறது. பைத்தானில் முழு எண்ணுக்கு அப்படியொரு வரம்பு இல்லாததால் சரியான விடையே கிடைத்தது.

அடுத்து, ஐந்து எண்கள் மட்டுமே உள்ள பட்டியலில் பத்தாவது எண்ணைக் கேட்டுப் பாருங்கள். சி, நினைவகத்தில் அந்த இடத்தில் கிடக்கும் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுக்கலாம், அல்லது எந்த வரியில் தவறு என்று சொல்லாமலே நிரல் முறிந்துபோகலாம். ஜாவாஸ்கிரிப்ட் ‘அன்டிஃபைன்ட்’ (வரையறுக்கப்படாதது) என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டுத் தன்பாட்டில் தொடர்ந்து ஓடும். அதை வேறோர் எண்ணுடன் கூட்டிய பிறகுதான் விடை எண்ணே அல்ல என்பது தெரியவரும், அதற்குள் நிரல் பல வரிகள் கடந்திருக்கும். பைத்தானோ அந்த இடத்திலேயே நின்று, வரி எண்ணைக் காட்டி, பட்டியலின் எல்லைக்கு வெளியே கேட்டிருக்கிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. அந்த வாக்கியம் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் அடிக்கடி வருபவை பத்துப் பன்னிரண்டு சொற்றொடர்களே என்பதால், விரைவில் பழகிவிடும்.

2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10 பதிப்பு முதல் பிழைச் செய்தி மேலும் தேறியிருக்கிறது. அடைக்க மறந்த அடைப்புக்குறியை அது திறந்த இடத்திலேயே சுட்டுகிறது; முன்பெல்லாம் அடுத்த வரியில் குற்றம் சொல்லி நம்மை அலைக்கழிக்கும். 2020 ஜனவரி 1-உடன் ஆதரவு முடிந்துபோன பைத்தான் 2-க்கான பழைய பாடங்கள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. அவற்றிலுள்ளபடி, விடையைத் திரையில் காட்டும் ‘பிரிண்ட்’ கட்டளையை அடைப்புக்குறி இல்லாமல் எழுதினாலும், அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது என்று செய்தியே திருத்தம் சொல்கிறது.

பைத்தானும் எல்லாத் தவறுகளையும் பிடிப்பதில்லை. 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். ஜாவாஸ்கிரிப்டிலும் இதே கதைதான். பைசா வரை சரிபார்க்கும் கணக்காளர்கள், தசம எண்களைத் துல்லியமாகக் கணக்கிட பைத்தானுடனேயே வரும் ‘டெசிமல்’ தொகுதியைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது நல்லது. வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி ஓரெழுத்து பிசகினாலும் நிரல் ஓடாது என்பது புதியவரை எரிச்சலூட்டும். எழுதிய நிரலை, பைத்தான் நிறுவாத கணினி வைத்திருக்கும் சக ஊழியருக்குக் கொடுப்பதும் இன்றுவரை எனக்குத் தலைவலிதான்.

அந்த வகையில் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஈடில்லை: எதையும் நிறுவ வேண்டாம், குரோம் உலாவியில் எஃப்12 விசையை அழுத்தினால் எழுதத் தொடங்கலாம். வலைப்பக்கம் செய்வதுதான் நோக்கமென்றால் நான் மேலே சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதிலேயே இறங்கலாம். சி-யை, வகுப்பில் கேள்வி கேட்க ஆள் இருப்பவர்களுக்கும், பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வைக் கணினி அறிவியலில் எழுத இருப்பவர்களுக்கும் பரிந்துரைப்பேன். அத்தேர்வின் பாடத்திட்டம் நிரலாக்கத்துக்குச் சி-யையே குறிப்பிடுகிறது. வேலை தேடுவோருக்கு எது கைகொடுக்கும் என்பதில் என் சொல்லுக்கு எடையில்லை. நான் எழுதுவதெல்லாம் என் மேசை வேலைக்காக மட்டுமே.

பைத்தானைத் தேர்ந்தெடுப்பவர்கள், எஸ்டோனியாவின் தார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தோனி (Thonny) என்ற, நிரல் எழுதி ஓட்டிப் பார்ப்பதற்கான இலவச மென்பொருளை நிறுவினால் போதும். பைத்தானும் அதனுடனேயே வந்துவிடும். நிரலை ஒவ்வொரு படியாக ஓட்டி, மாறிகளின் மதிப்பு எங்கே மாறுகிறது என்பதை அதில் கண்ணால் பார்க்கலாம்.