‘மோரிஸ் ஆன்’: பல ஆண்டுகள் கேட்டபின்

1972இல் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘மோரிஸ் ஆன்’ இசைத்தொகுப்பைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். காலில் மணி கட்டி, கைக்குட்டை வீசியும் கோல் தட்டியும் ஆடும் இங்கிலாந்தின் மோரிஸ் ஆட்டத்துக்குரிய மெட்டுகளும் பாடல்களும் இதில் எலக்ட்ரிக் கிதார், டிரம்ஸ் ஆகியவற்றோடு ஒலிக்கின்றன. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்து நாட்டுப்புற ராக் குழுவில் முன்பு ஒன்றாக இருந்த ஆஷ்லி ஹட்சிங்ஸ், ரிச்சர்ட் தாம்ப்சன், டேவ் மேட்டக்ஸ் ஆகிய மூவருடன் ஜான் கிர்க்பேட்ரிக்கும் பாரி டிரான்ஸ்ஃபீல்டும் இணைந்து வாசித்தார்கள்.

தொடக்கத்தில் என்னை ஈர்த்தது தாம்ப்சனின் கிதார்தான். கேட்கக் கேட்க, இத்தொகுப்பைத் தாங்கி நிற்பது மேட்டக்ஸின் டிரம்ஸ் என்பது விளங்கியது. மோரிஸ் ஆட்டக்காரர் எம்பிக் குதிக்கும்போது, அவர் கால் தரையைத் தொடும்வரை மெட்டு காத்திருக்க வேண்டும். ராக் இசையின் வழக்கப்படி தாளத்தை ஒரே சீராக அடித்துச் சென்றால் ஆட்டம் குலைந்துவிடும். மேட்டக்ஸ் அந்தக் காத்திருப்புக்கு இடம் விட்டு, கால் ஊன்றும் கணத்தில் அழுத்தமாக அடிக்கிறார். நாட்டுப்புற இசையோடு டிரம்ஸைச் சேர்த்த பல தொகுப்புகளில் இந்த நிதானத்தை நான் கேட்டதில்லை.

அடுத்த சிறப்பு கிர்க்பேட்ரிக்கின் ஆங்கிலோ கன்செர்ட்டினா என்ற சிறிய கைத்துருத்திக் கருவி. நம் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் எப்போதும் ஒரே சுரம்தான் வரும். இந்தக் கருவியிலோ துருத்தியை அழுத்தும்போது ஒரு சுரமும் இழுக்கும்போது வேறொரு சுரமும் ஒரே பொத்தானில் பிறக்கின்றன. துருத்தி திசை மாறும் ஒவ்வொரு முறையும் மெட்டில் ஒரு சிறு உந்தல் ஏற்படுவதால், அது ஆட்டத்துக்கென்றே அமைந்ததுபோல் ஒலிக்கிறது. 1899ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த ஹெடிங்டனில் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் செசில் ஷார்ப் முதன்முதலாக மோரிஸ் ஆட்டத்தைக் கண்டபோது, ஆட்டக் குழுவுக்கு வில்லியம் கிம்பர் வாசித்ததும் இதே வகைக் கருவியைத்தான். அந்த மரபு தெரிந்தவர் வாசிப்பு இது என்பது ஒவ்வொரு மெட்டிலும் புலப்படுகிறது.

பாடல்களைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. ஆண்கள் பாடும் சில பாடல்களின் கலகலப்பு, பலமுறை கேட்டபின் சற்றே அலுப்புத் தருகிறது. நாட்டுப்புறப் பாடகி ஷெர்லி காலின்ஸ் பாடும் ‘ஸ்டேன்ஸ் மோரிஸ்’ அப்படியன்று. குரலில் நடுக்கமோ அலங்காரமோ இன்றி, சொற்களை நேராக எடுத்து வைக்கும் அவரது பாடும் முறை எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

இயர்ஃபோனில் கேட்பதைவிட நல்ல ஸ்பீக்கரில் கேட்பதையே பரிந்துரைப்பேன். ஹட்சிங்ஸின் பேஸ் ஒலி அதில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. பாடலைவிட ஆட்ட மெட்டுகளே பிடித்துப்போனவர்கள், ஹட்சிங்ஸும் கிர்க்பேட்ரிக்கும் 1974இல் வெளியிட்ட ‘தி கம்ப்ளீட் டான்சிங் மாஸ்டர்’ தொகுப்பை அடுத்துக் கேட்கலாம்.