ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளம்: பாக்டீரியா ஏற்பிகளைப் பார்க்க எவ்வளவு உதவும்?

பாக்டீரியாவின் புரதங்கள் வெளியே நடக்கும் மாற்றத்தை எப்படி உணர்கின்றன என்று படிக்க ஆரம்பிப்பவர்கள் பலரும் இப்போது முதலில் திறப்பது ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தைத்தான். டீப்மைண்டும் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமும் சேர்ந்து 2021ல் தொடங்கியது, செயற்கை நுண்ணறிவு கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட முப்பரிமாணப் புரத அமைப்புகள், எல்லாமே இலவசம். நீலம் என்றால் கணிப்பை நம்பலாம், ஆரஞ்சு என்றால் நம்ப வேண்டாம் என்று வண்ணத்திலேயே சொல்லிவிடுகிறார்கள், அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் உணர்தலைப் புரிந்துகொள்ள இது மட்டும் போதாது.

ஈ. கோலை பாக்டீரியாவின் 'டார்' (Tar) ஏற்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம் பக்கத்தில் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும் புரதம் அது. அஸ்பார்டேட் வந்து உட்காரும் குழியைத் திரையில் தேடினால் பாதிதான் கிடைக்கும். ஏனென்றால் இந்த ஏற்பி ஜோடியாகத்தான் வேலை செய்கிறது, குழி இருப்பது ஜோடியின் இரண்டு புரதச் சங்கிலிகளுக்கும் நடுவில். 64ஆம் இடத்து ஆர்ஜினின் (இதுவும் ஓர் அமினோ அமிலம்தான்) ஒரு சங்கிலியிலிருந்தும் 69, 73ஆம் ஆர்ஜினின்கள் மற்றொன்றிலிருந்தும் வந்து அதைப் பிடிக்கின்றன. நான் பார்த்த பக்கத்தில் இருந்ததோ ஒற்றைச் சங்கிலி. ஏற்பி பதிந்திருக்கும் செல் சவ்வும் கிடையாது.

இதைவிடப் பெரிய குறை, படம் அசையாது. அஸ்பார்டேட் ஒட்டியதும் ஏற்பியின் ஒரே ஒரு சுருள் செல்லின் உட்பக்கமாக 1 முதல் 2 ஆங்ஸ்ட்ராம் இறங்குகிறது, கிட்டத்தட்ட ஓர் அணுவின் அகலம், அவ்வளவுதான், அந்த நகர்வே சவ்வைத் தாண்டிப் போய் உள்ளே கீ-ஏ (CheA) என்ற நொதியை அடக்கி, உருளச் சொல்லும் கீ-ஒய் (CheY) என்ற புரதத்துக்குப் பாஸ்பேட் போவதைக் குறைத்து, பாக்டீரியாவை உருண்டு திசை மாற விடாமல் நேராக நீந்த வைக்கிறது. இந்தக் கதையின் உயிரே அந்த நகர்வில்தான் இருக்கிறது, அசையாத ஒரு படத்தில் அதைப் பார்க்கவே முடியாது.

அதனால் கூடவே, சோதனையில் கண்டறிந்த அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் புரதத் தரவு வங்கியையும் (PDB) திறந்து வையுங்கள். 1971லிருந்து இயங்குகிறது, அதுவும் இலவசம்தான். சால்மோனெல்லாவின் அஸ்பார்டேட் ஏற்பியில் சவ்வுக்கு வெளியே இருக்கும் பகுதியை, அஸ்பார்டேட்டோடும் அது இல்லாமலும் எக்ஸ்கதிர் படிகவியலில் கண்டறிந்து 1991ல் வெளியிட்ட அமைப்புகள் அங்கே இருக்கின்றன. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பாருங்கள், ஆனால் முழுசாகப் பொருத்தினால் இவ்வளவு சின்ன நகர்வு கண்ணில் படாது, நகராத சுருள்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பொருத்த வேண்டும்.

அப்புறம், பல ஹிஸ்டிடின் கைனேஸ் உணரிகளுக்கு (வெளி மாற்றத்தை உணர்ந்து, பாஸ்பேட் வழியாக உள்ளே செய்தி சொல்லும் நொதிகள்) சவ்வுப் பகுதியோடு சேர்ந்த முழு அமைப்பை இன்னும் யாரும் சோதனையில் எடுக்கவில்லை, அவற்றுக்கு ஆல்ஃபாஃபோல்டைத் தாராளமாக நம்பி ஆரம்பிக்கலாம், ஆரஞ்சுப் பகுதிகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.